உசிரு

“எத்தனை தலையணை வெச்சுப் படுப்பீங்கம்மா?”

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்கு வரும் வயதானவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். தோள் வலிக்கு வந்த இடத்தில் தலையணைக் கணக்கு எதற்கு என்று பலரும் மகனையோ மருமகளையோ திரும்பிப் பார்ப்பார்கள். ஒன்று என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். இரண்டு, மூன்று என்றால், “எடுத்துட்டா என்ன ஆகும்?” என்பேன். “மூச்சு முட்டும்” என்று பதில் வந்தால் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

நான் மயக்க மருந்து டாக்டர். பெங்களூரில் 19 ஆண்டுகளாக இதே வேலை. முழங்கால் மூட்டு மாற்று இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் செய்துகொண்ட ஒன்று. தோள் மூட்டு என்றால்தான், “அதைக்கூட மாத்துவாங்களா?” என்று கேட்கிறார்கள். மறுநாளே எழுந்து நடக்கலாம், படுக்கையில் கிடக்க வேண்டாம் என்பதால் முழங்காலைவிடச் சின்ன ஆபரேஷன் என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். எனக்கோ தோள்தான் கடினம். முழங்காலுக்கு முதுகில் ஒரு ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். நோயாளி பேசிக்கொண்டே இருப்பார். தோளுக்கு அந்த வழி கிடையாது. மரத்துப்போக வைக்கும் ஊசியைக் கழுத்தில் போட வேண்டும். மூச்சை இயக்கும் நரம்பு ஓடுவதும் அதே கழுத்தில்தான். போதாததற்கு, நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, உட்கார வைத்து ஆபரேஷன் செய்கிறார்கள். என் கவலை முழுக்க இந்த இரண்டில்தான்.

அன்று எதிரில் இருந்தவர் அல்சூரைச் சேர்ந்த 81 வயது அம்மா. மார்க்கெட்டில் நாற்பது வருடம் பூக்கட்டி விற்றவர். வலது கை தோள் உயரத்துக்குக்கூட எழவில்லை. சாப்பிடும்போது கையை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் தலையைத் தட்டை நோக்கிக் குனிந்துகொள்வார் என்றாள் மருமகள். மகனுக்கு மனசில்லை. “எண்பத்தொண்ணு ஆச்சு டாக்டர். இருக்கற வரைக்கும் நாங்க பாத்துக்கறோம். இந்த வயசுல எதுக்கு?” என்றார். அந்த அம்மா என்னையே பார்த்துச் சொன்னார்: “தலைக்கு எண்ணெ வெச்சு நானே கொண்டை போட்டுக்கணும் தாயி. ரெண்டு வருசமா அடுத்தவங்க கையிலதான் என் தலை இருக்கு.”

தோளில் நடப்பது இதுதான். மேற்கை எலும்பின் உச்சியில் ஒரு பந்து. தோள்பட்டை எலும்பில் அது உட்கார ஒரு குழி. குழி என்றாலும் டீ சாசர் அளவுக்குத்தான் ஆழம். பந்து வழுக்கிவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை நான்கு சிறு தசைகளின் நாண்கள். வயது ஏற ஏற அவை பழம்புடவை மாதிரி நைந்து கிழிகின்றன. கிழிந்தபின் பந்து மேலே ஏறி எலும்போடு உரசுகிறது. வருடக்கணக்கில் உரசி மூட்டே தேய்ந்துபோகிறது. நியூயார்க்கில் சார்லஸ் நீர் 1950களில் எலும்பு முறிந்தவர்களுக்கு உலோகப் பந்து பொருத்தினார். நாண் நன்றாக இருந்தவர்களுக்கு அது உழைத்தது. நாண் போனவர்களுக்கு வலி குறைந்தாலும் கை உயரவில்லை. 1985இல் பிரான்சின் திஜோன் நகரில் பால் கிராமோன் மூட்டையே தலைகீழாக்கினார். பந்தைத் தோள்பட்டையில் வைத்தார், கிண்ணத்தைக் கை எலும்பில் வைத்தார். மூட்டு சுழலும் மையம் உள்ளேயும் கீழேயும் நகர்ந்தது. தோளைப் போர்த்தியிருக்கும் டெல்டாய்டு என்ற பெரிய தசை இழுபட்டு விறைப்பாகி, நாண்கள் இல்லாமலே கையைத் தூக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 2003இல். இன்று வயதானவர்களுக்குப் பெரும்பாலும் செய்யப்படுவது இந்த ‘ரிவர்ஸ்’ மாற்றுதான். எண்பது வயதுக்காரர் ஒருவர் மூன்றாம் மாதம் வந்து கையை நெற்றிக்கு உயர்த்திக் கும்பிடும்போது கிராமோனை நினைத்துக்கொள்வேன்.

இனி நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிது. அப்போது நான் இருந்த மருத்துவமனையில், தோள் எலும்பு உடைந்து வந்திருந்தார் ஹொசகோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர். 76 வயது. நாற்பது வருடம் பீடி பிடித்து நிறுத்தியவர். எக்ஸ்ரேயில் நெஞ்சு பரவாயில்லை. “மூச்சு வாங்குமா தாத்தா?” என்று கேட்டேன். “இல்லம்மா” என்றார். எழுதிக்கொண்டேன். அப்போதைய வழக்கப்படி கழுத்தில் 20 மில்லி மருந்து செலுத்தினேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. குழாயை எடுத்து ரெக்கவரிக்குக் கொண்டுவந்து பத்து நிமிடம் இருக்கும். நல்ல கையால் என் கோட்டைப் பற்றினார்.

“உசிரு பர்த்தா இல்ல டாக்ட்ரே.”

நான் வேலூர்ப் பக்கத்தில் பிறந்தவள். எனக்கு அன்று கன்னடம் அரைகுறை. உயிர் வரவில்லை என்கிறார் என்றே காதில் விழுந்தது, உடம்பு சில்லிட்டுவிட்டது. கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு. பக்கத்தில் நின்ற சிஸ்டர், “மூச்சு எட்டலையாம் மேடம்” என்றார். மானிட்டரில் ஆக்ஸிஜன் 86. மூச்சை உள்ளிழுக்கும்போது வலப்பக்கம் வயிறு மேலே எழவில்லை, உள்ளே போனது. உதரவிதானத்தின் ஒரு பாதி அசையவே இல்லை. நான் போட்ட மருந்து, தோளுக்குப் போகும் நரம்புகளோடு மூச்சு நரம்பையும் சேர்த்து மரத்துப்போக வைத்திருந்தது.

கழுத்தில் அந்த மருந்தைப் போட்டால் ஏறத்தாழ எல்லோருக்கும் இப்படி ஆகும் என்பது 1991இலேயே தெரிந்த விஷயம். நல்ல நுரையீரல் உள்ளவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் குறைந்தாலும் மீதி போதும். மீதியே இல்லாதவருக்கு அந்தக் கால் பங்குதான் எல்லாம். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முகத்தில் இறுக்கமாக மாஸ்க் பொருத்தி, மெஷினால் காற்றை அழுத்தி அனுப்பினோம். இரவு முழுவதும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை மருந்து இறங்கியது, தோள் வலிக்கத் தொடங்கியது, மூச்சு வந்தது. வலிக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் அழுதேன். வீட்டுக்கு நல்லபடியாகப் போனார்.

எங்கே தவறினேன் என்று பல நாள் யோசித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்கும் என்பதால் மாடி ஏறுவதை நிறுத்திவிட்டார், வயலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சு ஏன் வாங்கப் போகிறது? வயதானவர்களிடம், “உங்களால் முடியுமா?” என்று கேட்டால், “முடியும்” என்பார்கள். “கடைசியாக எப்போது செய்தீர்கள்?” என்று கேட்க வேண்டும். தலையணைக் கேள்வி, மாடிப்படிக் கேள்வி, கடைக்கு யார் போகிறார்கள் என்ற கேள்வி எல்லாம் அந்த இரவு எனக்குக் கற்றுத் தந்தவை. பெங்களூரில் இவை இன்னும் அவசியம். பார்த்தீனியமும் கட்டடத் தூசியும் டிசம்பர்க் குளிரும் சேர்ந்த இந்த ஊரில் பாதிப் பெரியவர்கள் கைப்பையில் இன்ஹேலரை வைத்துக்கொண்டு, “எனக்கு ஆஸ்துமா இல்ல, சும்மா வீசிங்” என்பார்கள். அடுப்புப் புகையில் முப்பது வருடம் சமைத்த பெண்களிடம், பீடி பிடித்தீர்களா என்று கேட்டுப் பயனில்லை. என்ன அடுப்பு என்று கேட்க வேண்டும்.

இன்று அல்ட்ராசவுண்டில் நரம்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஊசி போடுகிறோம். 20 மில்லி போன இடத்தில் ஐந்தோ ஏழோ போதும். கழுத்தில் இன்னும் கீழே தள்ளி, மூச்சு நரம்பு விலகிப்போன இடத்தில் போடலாம். நெஞ்சு மிகவும் மோசம் என்றால் கழுத்தையே தொடாமல், தோளுக்குப் பின்னால் ஓடும் நரம்பையும் அக்குள் நரம்பையும் தனித்தனியே மரத்துப்போக வைக்கலாம்; வலி கொஞ்சம் கூடுதலாக இருக்கும், மூச்சு இருக்கும். கழுத்து ஊசிக்குப் பிறகு சிலருக்கு ஒரு பக்கத்துக் கண் இமை சரியும், குரல் கரகரக்கும். பார்க்க வரும் உறவினர்கள் பக்கவாதம் என்று பதறிவிடுவார்கள். மருந்து இறங்கினால் தானாகச் சரியாகிவிடும் என்பதை முன்னாலேயே வீட்டாரிடம் சொல்லி வைப்பேன்.

அடுத்தது உட்கார வைப்பது. கடற்கரையில் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருப்பது போன்ற நிலை. சர்ஜனுக்குத் தோள் நன்றாக எட்டும். ஆனால் மயக்கத்தில் இருப்பவரை உட்கார வைத்தால் ரத்தம் கால்பக்கம் இறங்கும், பிபி விழும். பிபி பட்டை கட்டியிருப்பது கையில். மூளை இருப்பது அதற்கு மேலே. ஒவ்வொரு 1.3 சென்டிமீட்டர் உயரத்துக்கும் அழுத்தம் ஒரு புள்ளி குறையும். பட்டையிலிருந்து காதுத் துவாரம் 26 சென்டிமீட்டர் மேலே என்றால் 20 புள்ளி போயிற்று. மானிட்டரில் சராசரி 70 என்று பச்சையில் ஒளிரும். மூளைக்குக் கிடைப்பது 50. பட்டையைக் கெண்டைக்காலில் கட்டியிருந்தால் வித்தியாசம் இன்னும் பயங்கரம். உட்கார்ந்த நிலையில் நடந்த தோள் ஆபரேஷன்களுக்குப் பிறகு மூளையோ தண்டுவடமோ பாதிக்கப்பட்ட நான்கு பேரைப் பற்றி 2005இல் ஒரு கட்டுரை வந்தது. எங்கள் துறையில் பலரின் தூக்கத்தைக் கெடுத்த கட்டுரை அது.

அதற்குப் பிறகு என் பாக்கெட்டில் தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று இருக்கிறது. நோயாளியை உட்கார வைத்ததும் பட்டையின் நடுவிலிருந்து காதுவரை அளந்து, எத்தனை கழிக்க வேண்டும் என்று வெள்ளைப் பலகையில் எழுதுவேன். ரத்தக் குழாய்க்குள்ளேயே அளவெடுப்பதாக இருந்தால் அந்தக் கருவியைக் காது மட்டத்தில் வைத்துவிடுவேன். “ரத்தம் வருது, பிபியைக் கொஞ்சம் எறக்குங்க” என்று சர்ஜன் கேட்பது உண்டு. எண்பது வயதுக்காரருக்கு எவ்வளவு இறக்கலாம் என்பதைப் பலகையைப் பார்த்துச் சொல்வேன். பெரும்பாலும் “இதுக்கு மேல முடியாது சார்” என்பதுதான் பதில். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் இருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து அதைச் செய்ய வேண்டியதில்லை.

எவ்வளவு ஆபத்து என்று வீட்டார் கேட்பார்கள். மழுப்பக் கூடாது. இங்கிலாந்தில் 1998 முதல் 2017 வரை திட்டமிட்டுச் செய்த 58,054 தோள் மாற்றுகளை ஆராய்ந்து பிஎம்ஜே இதழில் 2019இல் வெளியிட்டார்கள். நுரையீரல் தொற்று, மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு, ரத்தக்கட்டி, மரணம் போன்றவற்றில் ஏதாவது ஒன்று 90 நாளுக்குள் வந்தது மொத்தத்தில் 4.6 சதவீதத்தில். ஆனால் 85 வயதைத் தாண்டியவர்களில் ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும் பெண்களில் ஒன்பதில் ஒருவருக்கும் வந்தது. அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பொருத்திய மூட்டை ஆயுளுக்குள் மறுபடி மாற்ற வேண்டிவருவது 55 முதல் 59 வயது வரையிலான ஆண்களில் நான்கில் ஒருவருக்கு. 85 தாண்டிய பெண்களில் 37 பேரில் ஒருவருக்கு. முதியவருக்கு மூட்டு கடைசிவரை உழைத்துவிடும். முதல் மூன்று மாதத்தைத் தாண்ட வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விழுந்து உடைத்துக்கொண்டு வருபவர்களின் கணக்கு வேறு. குளியலறையில் வழுக்கித் தோளை உடைத்துக்கொண்ட பாட்டியை அன்றே ஆபரேஷன் செய்யச் சொல்லி நெருக்குவார்கள் பிள்ளைகள். பிரிட்டனில் 250 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வந்தது. எலும்பு விலகி உடைந்தவர்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் கைக்குத் தூளி கட்டிக்கொண்டவர்களும் இரண்டு வருடத்தில் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள். பந்து குழியைவிட்டு வெளியே போயிருந்தாலோ பிளந்திருந்தாலோ வேறு வழியில்லை. மற்றவர்களுக்கு, இது தேவைதானா என்று இரண்டாவது டாக்டரிடமும் கேட்பதில் தப்பே இல்லை. மயக்க மருந்து கொடுக்காமல் இருப்பதைவிடப் பத்திரமான மயக்க மருந்து கிடையாது.

அல்சூர் அம்மாவுக்கு இதை எல்லாம் தமிழில் சொன்னேன். மகன் கணக்கைக் கேட்டு வாயடைத்துப்போனார். அந்த அம்மா, “சரி தாயி, மூச்சுக்கு என்ன செய்யணும் சொல்லு” என்றார். தலையணை இரண்டு. விறகடுப்பில் பாதி ஆயுள். உடனே தேதி குறிக்கவில்லை. ஆறு வாரம் தள்ளிப்போட்டோம். நுரையீரல் டாக்டர் இன்ஹேலரை ஒழுங்குபடுத்தினார், அந்த அம்மா மூச்சை உள்ளிழுத்து மூன்று பந்தை ஏற்றும் கருவியில் தினமும் பயிற்சி செய்தார், ரத்தசோகையைச் சரிசெய்தோம். கடைசி நாட்களில் சர்ஜன், தோளிலும் அக்குளிலும் தடவிக் குளிக்க முகப்பருவுக்குத் தரும் பென்சாயில் பெராக்ஸைடு மருந்தை எழுதிக் கொடுத்தார். முகப்பருவோடு தொடர்புள்ள அதே கிருமிதான் தோள் மூட்டின் முதல் எதிரி. தோளின் மயிர்க்கால்களுக்குள் வசிக்கும். காய்ச்சல் வராது, சீழ் வராது, மாதக்கணக்கில் வலியை மட்டும் தரும். ஆய்வகத்தில் அது வளர்கிறதா என்று பார்க்க இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். தோள் மாற்றின் வரலாறே தொற்றில்தான் தொடங்குகிறது. 1893இல் பாரிஸில் பியான் என்ற மருத்துவர், காசநோய் தின்ற தோளுக்குப் பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு முதல் மூட்டைப் பொருத்தினார். தொற்று அடங்காததால் இரண்டு வருடத்தில் அதை எடுக்க வேண்டிவந்தது.

தியேட்டருக்கு வந்தபோது அந்த அம்மா காதுக் கருவியைக் கழற்றி மருமகளிடம் கொடுக்கப் போனார். வேண்டாம் என்றேன். ஒரு சிறு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி என் மேசையில் வைத்துக்கொண்டேன். வயதானவர்கள் மயக்கம் தெளிந்ததும் பிதற்றுவதும், ராத்திரி ஊசியைப் பிடுங்குவதும், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அலறுவதும் உண்டு. காது கேட்காமல், கண்ணாடி இல்லாமல், தெரியாத மொழியில் நாலு பேர் குனிந்து பேசினால் யாருக்குத்தான் குழம்பாது? தூக்க மருந்துகளைத் தவிர்த்துவிடுவேன். கண் விழிக்கும்போது காதுக் கருவி காதில் இருக்க வேண்டும், அவர் மொழியில் பேச ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்குக் கழுத்தில் ஐந்து மில்லி மட்டும் போட்டிருந்தேன். கண் திறந்ததும், “மூச்சு எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “இருக்கு” என்றார்.

பலன் என்பதை எக்ஸ்ரேயிலும் கோணத்திலும் அளக்கிறோம். நம் ஊர் வாழ்க்கைக்கு அது போதாது. ரிவர்ஸ் மூட்டில் கை மேலே நன்றாக எழும். முதுகுப் பக்கம் சரியாகப் போகாது. இடது தோளை மாற்றிக்கொண்ட ஒரு பெரியவர், வலி போய்விட்டது என்று சொல்லிக்கொண்டே முகம் வாடி இருந்தார். மனைவி வெளியே போனபின்தான் சொன்னார்: மலம் கழித்த பிறகு கழுவிக்கொள்ளக் கை எட்டவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் இதை யாரும் அவரிடம் பேசவில்லை; நானும் பேசவில்லை. கழிப்பறையில் கைக்குழாய் பொருத்தி, வலது கைக்குப் பழக்கி, சில மாதத்தில் சமாளித்துக்கொண்டார். முன்பே சொல்லியிருந்தால் அந்த மாதங்களின் கூச்சம் அவருக்கு இருந்திருக்காது. தரையில் உட்கார்ந்து கையை ஊன்றி எழுபவர்களுக்கும் இதே போல. அப்படி ஊன்றும்போதுதான் புது மூட்டு நழுவும் வாய்ப்பு அதிகம். கீழே உட்காரும் பழக்கம் உண்டா, எப்படி எழுவீர்கள் என்று கேட்டு, எழுந்து காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அந்த அம்மா ஆறாம் மாதம் வந்தார். சர்ஜனைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி தியேட்டர் வாசலுக்கே வந்துவிட்டார். கையை உயர்த்திக் காட்டினார்; காதைத் தாண்டியது. பின்பு தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோய், இடது கையால் முடியைச் சேர்த்து, அவசரமே இல்லாமல் ஒரு சுற்று, இரண்டு சுற்று, கொண்டை முடிந்தார். மூன்றாம் சுற்றில் கை கொஞ்சம் நடுங்கியது. கொண்டை ஊசியைக் குத்திவிட மருமகள் கை நீட்டினாள். “நானே பாத்துக்கறேன்” என்றார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தோள் ஆபரேஷன் என்று தேதி குறித்திருந்தால், சர்ஜனைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மயக்க மருந்து டாக்டரையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எத்தனை தலையணை, கடைசியாக மாடி ஏறியது எப்போது, குறட்டை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சமீபத்தில் மறதி கூடியிருக்கிறதா என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். காதுக் கருவியையும் மூக்குக் கண்ணாடியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.